முதல் தடவையாக ஊர்ப் பொங்கல், பாப்பாவுக்கு ஒன்றரை வயது

கேள்வி: டாக்டர், நாங்கள் சென்னை குரோம்பேட்டையில் இருக்கிறோம். கணவரின் ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்து அவளை ஊருக்கே கூட்டிப் போனதில்லை. இந்தப் பொங்கலுக்குப் போகிறோம். பொங்கல் முடிந்த கையோடு குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். வீட்டில் முப்பது பேராவது இருப்பார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. ராத்திரி முழுக்க ரயிலில் இவளை எப்படிச் சமாளிப்பது என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. சளி சிரப் ஒரு மூடி கொடுத்தால் விடியும்வரை தூங்குவாள் என்று ஓரகத்தி சொல்கிறார். புது முகம் பார்த்தாலே அழுவாள், என் தம்பியிடம்கூடப் போக மாட்டாள். எடை 9.4 கிலோ. மாமியார் வீடியோ காலிலேயே ‘பிள்ளை வத்தலா இருக்கே’ என்கிறார். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன், அதற்கும் பேச்சு. ஒன்றரை வயது ஊசி இன்னும் போடவில்லை. நாங்கள் போகலாமா, இல்லை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போங்கள்.

உங்கள் பயமெல்லாம் ரயிலைப் பற்றி. எனக்கு ரயிலைப் பற்றிக் கவலையே இல்லை. ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. நடுவில் இரண்டு தடவை எழுந்து அழுவாள், எதிர் பெர்த்காரர் ஒரு தடவை முறைப்பார், அதோடு சரி. ரயிலை விட்டு இறங்கிய பிறகு வரும் நாலைந்து நாட்கள்தான் எனக்குக் கவலை. வீடு நிறைய ஆள் இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குப் பஞ்சமில்லை என்று நினைப்போம். ஆனால் அவள் ஆச்சியிடம் இருப்பதாக நீங்கள் நினைப்பீர்கள். சித்தி தூக்கிக்கொண்டு போனதாக ஆச்சி நினைப்பார். ‘அவ அம்மாகிட்ட போயிட்டா’ என்று சித்தி அடுப்படிக்குப் போயிருப்பார். பண்டிகை நாளில் அவசரமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும் பிள்ளைகளின் வீட்டார் முதலில் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: “இப்பதான் டாக்டர் இங்க விளையாடிட்டு இருந்தா.”

முதலில் ரயிலை முடித்துவிடுவோம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி பெர்த்தும் கிடையாது. உங்கள் இரண்டு டிக்கெட்டில் ஒன்றாவது கீழ் பெர்த்தா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறியதும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கைக்குழந்தை என்றால் நம் ஊரில் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். பாப்பாவைச் சுவர்ப் பக்கம் போட்டு நீங்கள் வெளிப்பக்கம் படுங்கள். சிலர் சேலையை இரண்டு மேல் பெர்த்துக்கும் குறுக்கே கட்டித் தூளியாக்குவார்கள். நாலு மாதப் பிள்ளைக்கே அது எனக்கு உவப்பில்லை, எழுந்து நிற்கத் தெரிந்த உங்கள் மகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நைட்டியை மாட்டி, பல் துடைத்து, வீட்டில் என்னென்ன செய்வீர்களோ அதை அதே வரிசையில் ரயிலிலும் செய்யுங்கள். வீட்டில் அவள் போர்த்திக்கொள்ளும் துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். பழகிய வாசனை இருந்தால் இடம் மாறியது அவ்வளவாகத் தெரியாது. சாப்பாட்டுக்கு நல்லெண்ணெய் தடவிய இட்லியும் வாழைப்பழமும் போதும். பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போகாதீர்கள். மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும் பாலில் கிருமி நன்றாக வளரும். ஃபிளாஸ்கில் வெந்நீர் மட்டும் போகட்டும். தாய்ப்பால் இருக்கும்போது ராத்திரிக்கு வேறு பாலே தேவையில்லை.

அந்த சிரப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், கொடுக்காதீர்கள். உங்கள் ஓரகத்தி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பல வீடுகளில் நடப்பதுதான். சளி சிரப்பில் இருக்கும் ஒவ்வாமை மருந்தின் பக்கவிளைவு தூக்கம். அந்தப் பக்கவிளைவுக்காகவே கொடுத்தால் அது மயக்க மருந்து கொடுப்பதற்குச் சமம். சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு மந்தமாகலாம். அந்த வகையில் ஒன்றான புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாத மருந்து. சில பிள்ளைகளுக்கு நேர்மாறாகத் தூக்கமே போய், ராத்திரி முழுக்கப் பெட்டியைக் கலக்கிவிடுவார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை ஓர் அறிவுரையை அனுப்பியது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப்பை எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்பதுதான் அதன் சாரம். ஊரில் அவளுக்குச் சளி பிடித்தாலும் இதேதான். மூக்கில் சலைன் சொட்டு மருந்து விடலாம், குடிக்க வெதுவெதுப்பான நீர் கொடுக்கலாம்.

ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஒன்றரை வயதில் போடுவது முத்தடுப்பு ஊசியின் பூஸ்டரும், தட்டம்மை–ரூபெல்லா இரண்டாவது தவணையும். முதலாவதுக்கு வரும் காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் தாமதமாக, ஏழாவது நாளிலிருந்து பன்னிரண்டாவது நாளுக்குள் வரலாம், லேசாக உடம்பில் பொரியலாம். பொங்கலுக்கு ஐந்தாறு நாள் முன்னால் போட்டீர்களானால் அந்தக் காய்ச்சல் சரியாகக் கோவிலில் வந்து நிற்கும். பிறகு அதற்கு சாமி குத்தம் என்று பெயர் வைப்பார்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரமாவது முன்னால் முடியட்டும்.

இனி ஊர் வீடு. போய்ச் சேர்ந்த அன்றைக்கே, காபி குடித்து முடித்ததும், பாப்பாவின் உயரத்தில் குனிந்து வீட்டை ஒரு சுற்று பாருங்கள். கணவரும் கூட வரட்டும், அவர் வீடுதானே. முதலில் பார்க்க வேண்டியது தாத்தாவும் ஆச்சியும் போடும் மாத்திரைகள். அவை ஜன்னல் திட்டில் ஒரு டப்பாவில், இல்லாவிட்டால் தலையணைக்கு அடியில், இல்லாவிட்டால் ஆச்சியின் சுருக்குப் பையில் இருக்கும். சர்க்கரை வியாதிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் இந்த வயதுப் பிள்ளையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத் தெரியலாம். ‘நல்லாத்தானே விளையாடுறா’ என்று விட்டுவிடக் கூடாது. விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து, விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கும் வேலை எதற்குமே வேண்டாம்.

அடுத்தது பழைய குளிர்பான பாட்டில்கள். கிராமத்து வீட்டில் அதற்குள் மண்ணெண்ணெய் இருக்கும், பெயின்ட் கழுவும் தின்னர் இருக்கும், வயலுக்கு அடிக்கும் மருந்தின் மிச்சமும் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்து வீட்டை ஒழுங்கு பண்ணும் நேரம் என்பதால் இவையெல்லாம் பரணிலிருந்து இறங்கித் தரையில் நிற்கும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், குடித்ததைவிட அது மோசம். வேலியோரம் மஞ்சள் அரளி நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இல்லாத தெருவே கிடையாது. அதன் விதை இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது, தரையில் உருண்டு கிடந்தால் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான்.

பிறகு தண்ணீர். கிணற்றையும் குளத்தையும் பற்றி எல்லாருக்கும் பயம் உண்டு, யாராவது கத்திவிடுவார்கள். மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டி, குளியலறையில் பாதி நிறைந்த பிளாஸ்டிக் வாளி, முற்றத்தில் புதைத்த அண்டா, இவற்றை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. இந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் திரும்ப எழத் தெரியாது, சத்தமும் வராது. சில அங்குலத் தண்ணீர் போதும். வாளிகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், தொட்டிக்கு மேல் ஒரு பலகையைப் போடுங்கள்.

பொங்கல் அன்று காலையில் முற்றத்தில் அடுப்பு எரியும். பால் பொங்கும்போது எல்லாக் கண்ணும் பானை மேல்தான் இருக்கும், குலவை போடும் நேரத்தில் பின்னால் தவழ்ந்து வருகிறவளை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் அவள் ஒருவர் இடுப்பில் இருந்தே ஆக வேண்டும், அவர் அடுப்பை விட்டு எட்டி நிற்க வேண்டும். மீறிச் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் தடவ வேண்டாம். போகி அன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பார்கள் என்றால் புகை தணியும்வரை ஜன்னலைச் சாத்தி உள்ளேயே வைத்திருங்கள், இளைப்பு உள்ள பிள்ளை என்றால் கட்டாயமாக.

இத்தனையையும் நீங்கள் ஒருத்தியே பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். அதற்கு நான் சொல்லும் வழி ஒரு துண்டு. பாப்பாவின் முகம் துடைக்கும் பூத்துண்டு யார் தோளில் கிடக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு. மாற்றிவிட வேண்டுமானால் துண்டை அடுத்தவர் தோளில் போட்டு, “இப்ப உங்ககிட்ட இருக்கா” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துண்டை வாங்காதவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகக் கூடாது. முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள். மறுநாள் பத்து வயது அத்தை மகன் ‘துண்டு என்கிட்ட’ என்று பெருமையாகச் சுற்றுவான். அவனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகளிடம் சின்னப் பிள்ளையை விடக் கூடாது. தொட்டில் ஆட்டுவதும் அதில் அடக்கம். எழுந்து நிற்கும் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, ஆட்டுவதற்கு ஆறு வயதுக்காரனை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பாமார் பைக்கில் முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போகக் கேட்பார்கள். ஒன்பது மாதம் முதல் நாலு வயதுவரை உள்ள பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க உள்ள விதி. ஊர்த் தெருவில் யார் பிடிக்கப் போகிறார்கள் என்பார்கள். போலீஸ் பிடிக்காது, சடன் பிரேக் பிடிக்கும். இதற்கு மறுப்பு சொல்வது அவர்களுடைய அண்ணன், அதாவது உங்கள் கணவரின் வேலை.

சாப்பாட்டில் எனக்குப் பயம் புரையேறுவதுதான். அவளுக்கு முன்பல் வந்திருக்கும், மெல்லும் கடைவாய்ப் பல் முழுதாக வந்திருக்காது. கடிப்பாள், மெல்ல மாட்டாள். பொங்கல் வீட்டில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதைக் கணக்கெடுத்தால் வேர்க்கடலை, பொரிகடலை, சுண்டல், முறுக்கு, கரும்புத் துண்டு, பனங்கிழங்கு. ஒன்றுகூட அவள் வாய்க்கு ஏற்றதில்லை. சர்க்கரைப் பொங்கலில் போடும் முழு முந்திரியையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கரும்பை வாயில் வைத்துச் சப்பட்டும் என்பார்கள், அதிலிருந்து நார் பிய்ந்து வரும். பனங்கிழங்கை நசுக்கி மாவாக்கிக் கொடுக்கலாம், நாரை உருவிவிட்டு. கடலை வகைகளை முழுசாக ஐந்து வயதுவரைக்கும் கொடுக்காதீர்கள்.

புரையேறி இருமுகிறாள் என்றால் இருமவிடுங்கள், அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. சத்தமே வராமல் முகம் மாறினால்தான் ஆபத்து. உடனே உட்கார்ந்து, உங்கள் தொடையில் அவளைக் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் அவளை நிறுத்திப் பின்னாலிருந்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். கணவரும் நீங்களும் கிளம்புவதற்கு முன் ஒரு பொம்மையை வைத்து இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

இப்போது மாமியார். 9.4 கிலோ என்பது வத்தல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் நடுவான எடை 10.2 கிலோ. 8.1-க்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்போம். உங்கள் மகள் ஆரோக்கியமான எடையில் இருக்கிறாள். ஆனால் இதை அட்டவணையைக் காட்டி மாமியாரிடம் வாதாடாதீர்கள். அவர் எடையைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றரை வருஷமாகப் பேத்திக்கு ஒரு வாய் ஊட்டக் கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமைதான் அப்படி வருகிறது. அதனால் ஊட்டும் வேலையை அவருக்கே கொடுத்துவிடுங்கள். போவதற்கு முன்பே போனில், “அத்தை, அவளுக்குச் சிறுபருப்பு சாதம் பிடிக்கும், நெய் விட்டு நீங்கதான் குழைச்சு ஊட்டணும்” என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பாப்பா முடிவு பண்ணட்டும், வாயைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டாதீர்கள். திருஷ்டி சுற்றுகிறார்களா, சுற்றட்டும், மிளகாய்ப் புகை மட்டும் வீட்டுக்கு வெளியே. கன்னத்தில் மைப்பொட்டு வைத்தால் போகட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம். எண்ணெய்க் குளியல் நல்லது, ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் விட்டது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. வீட்டு மாட்டுப் பால் என்றாலும் பொங்கக் காய்ச்சித்தான். தாய்ப்பால் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்போது நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, புது இடத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே பழைய இடம் அதுதான். ‘டாக்டர் திட்டுவாங்க’ என்று பழியைத் தூக்கி என்மேல் போடுங்கள். நான் அந்த ஊருக்கு வரப்போவதில்லை.

மதியத் தூக்கத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் பகலும் இரவுமாகப் பதினொன்றிலிருந்து பதினாலு மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்காத பிள்ளை சாயங்காலம் எதற்கெடுத்தாலும் அழும், உடனே ‘சென்னையில வளர்ந்த பிள்ளை, பிடிவாதம்’ என்பார்கள். உள்ளறை ஒன்றைக் கேட்டு வாங்கி, கொசுவலை கட்டி, கதவைச் சாத்திவிடுங்கள். மூடிய அறைக்குள் கொசுவர்த்தி கொளுத்த வேண்டாம்.

புது முகம் பார்த்து அழுவது குறை இல்லை. தன்னுடையவர்கள் யார் என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. எட்டு மாத அளவில் தொடங்கி, இரண்டு வயதுக்குப் பக்கத்தில் தானாகக் குறையும். கதவைத் திறந்ததும் ஏழெட்டுக் கை நீளும். அந்த நேரத்தில் அவளை யாரிடமும் கொடுக்காமல் உங்கள் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் எல்லாரிடமும் சிரித்துப் பேசுங்கள். அம்மா யாரிடம் பயமில்லாமல் பேசுகிறாளோ அவர்களிடம் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தானாக இறங்கிப் போகும். நேராகப் பார்த்துக் கையை நீட்டுகிறவரைவிட, தரையில் உட்கார்ந்து தன்பாட்டில் சொப்பு சாமான் உருட்டுகிறவரிடம்தான் முதலில் போவாள்.

உங்கள் தம்பி விஷயம் வேறு. தாய்மாமன் மடியில்தான் காதுகுத்து, அதற்கு முன் பழகியாக வேண்டும். இன்றிலிருந்தே தினமும் அவரோடு வீடியோ கால் போடுங்கள், நீளமாக வேண்டாம், அவர் ஒரே பாட்டையோ ஒரே கோமாளித்தனத்தையோ தினமும் செய்யட்டும். விசேஷத்துக்கு முந்தின நாளே ஊருக்கு வந்துவிடச் சொல்லுங்கள். கோவிலில் சட்டென்று மடியில் போட்டு எல்லாருமாக அமுக்கிப் பிடித்தால் எந்தப் பிள்ளையும் அலறும். முடிந்தவரை நீங்கள் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருங்கள்.

முகூர்த்த நேரத்தைக் காலையிலேயே வைக்கக் கேளுங்கள், அவள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆனபிறகு. மொட்டைக்குப் புது பிளேடு, உங்கள் கண் முன்னால் உறை பிரித்துப் போட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்களே இரண்டு வாங்கிப் போய்விடுங்கள். கீறல் பட்ட இடத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் கழுவிவிட்டு, சந்தனத்தை அதைச் சுற்றிப் பூசிக்கொள்ளலாம். குத்துகிற ஆசாரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், ஊசியோ கம்பியோ கொதிநீரில் இருபது நிமிஷம் கிடந்து வரட்டும். தொட்டில் பருவத்து மூன்று தவணை ஊசியும் இப்போதைய பூஸ்டரும் போட்டிருந்தால் இதற்கென்று தனியாக டிடி ஊசி தேவையில்லை. தங்கமாகவே போடுங்கள், கவரிங்கில் உள்ள நிக்கல் புண்ணாக்கும். குத்திய கையோடு பால் கொடுத்தால் வலி அடங்கும். முதல் சில வாரம் திருகாணியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். கழன்று தலையணையில் விழுந்தால் அது நேரே வாய்க்குத்தான் போகும். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் காது சிவந்து வீங்கினால் மஞ்சள் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்துப் பையில் நிறைய வேண்டாம். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், சலைன் சொட்டு மருந்து, ஒரு தெர்மாமீட்டர். பாராசிட்டமாலில் ஒரு சூட்சுமம் உண்டு. 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 உள்ள சிரப்பும் ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் வரும். உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 வீதம் சுமார் 140 மில்லிகிராம். முதல் சிரப்பில் அது 6 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதில் 3 மி.லி.கூட இல்லை. ஊரில் தீர்ந்துபோய் வேறு பாட்டில் வாங்கினால் பழைய அளவையே கொடுத்துவிடுவார்கள், இரண்டு மடங்காகிவிடும். பாட்டில் மேல் பேனாவால் அளவை எழுதி ஒட்டுங்கள். காய்ச்சல் இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

ஓ.ஆர்.எஸ். என்றால் பொடிப் பாக்கெட். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகக் கொட்டக் கூடாது, கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். சின்னப் பாக்கெட்டும் உண்டு, அதன் மேல் எழுதியிருக்கும் தண்ணீர் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு தடவை வயிற்றால் போனபிறகும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. ஜிங்க் தினமும் 20 மில்லிகிராம், வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாள். பழரசம் மாதிரி இனிக்கும் அட்டைப்பெட்டி பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை இல்லாதவை அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, இரவில் டாக்டர் இருக்கும் இடம் எது என்று கணவரைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாயோ பூனையோ பிறாண்டினால்கூட பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், வளர்ப்பு நாய் என்று விடக் கூடாது.

சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் சளிக் காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள். மழை ஓய்ந்த இந்தப் பருவத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் டெங்குவும் இருக்கும், வயலிலும் புதரிலும் உள்ள சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் இருக்கும். இரண்டாவது இருந்தால் உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு தெரியலாம். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், டயப்பர் மறைக்கும் இடம் எல்லாம் பாருங்கள். டாக்டரிடம் போனதும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், “பொங்கலுக்குத் தென்காசிப் பக்கம் போயிருந்தோம், பிள்ளை தோட்டத்துல விளையாடினா” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்திலேயே கேட்கும்.